திறன்மானி கூறும் கணக்கு

புனே நகரத்தில் கடல் இல்லை. சஹ்யாத்ரி மலைத்தொடருக்குக் கிழக்கே, முளா, முடா என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் இது. எனினும், கடலிற் செல்லும் படகுகளுக்கும் கப்பல்களுக்கும் வேண்டிய எஞ்சின்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்நகரத்தை விட்டுவிட்டுப் பேச இயலாது. 1946-ஆம் ஆண்டில் கட்கியில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவப்பெற்றது. 1962-இல் கோத்ரூடில் கிர்லோஸ்கர் கம்மின்ஸ் தோன்றியது; இன்று அது கம்மின்ஸ் இந்தியா என வழங்குகிறது. 1966-இல் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் இங்கேயே அமைந்தது. ஆகவே, எஞ்சினை ஓட்டிப் பார்த்து அதன் வலிமையை அளந்து கூறும் கலை, இவ்வூரில் மூன்று தலைமுறையாக வளர்ந்து வந்துள்ளது.

நான் பொறியியல் படித்தவன் அல்லன், கலைப் பட்டதாரி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுகிறேன். சொல்லைச் சொல்லாக மாற்றுவதே என் பிழைப்பு. அத்தகையவன் எஞ்சினின் திறனைப் பற்றிப் பேச வருவது எதற்காக என்று தாங்கள் கேட்கலாம். ஒரு கடிதமே அதற்குக் காரணம்.

நாகப்பட்டினத்தில் என்னோடு ஒரே பள்ளியிற் படித்த நண்பர் ஒருவர் விசைப்படகு வைத்திருக்கிறார். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் எஞ்சினை மாற்றுவதும் அந்த நாட்களிலேயே நடைபெறும். நண்பர் கடன் வாங்கிப் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, புனேயிலுள்ள ஒரு பட்டறையிற் புதுப்பிக்கப்பட்ட டர்போ டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தினார். எஞ்சினுடன் சோதனைத் தாள் ஒன்றும் வந்தது. அதன் தலைப்பில் தடித்த எழுத்தில் ‘211 குதிரைத்திறன்’ என்று அச்சிட்டிருந்தார்கள். விலையும் அந்த எண்ணை வைத்தே பேசப்பட்டது.

தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குச் சென்றது. நிமிடத்திற்கு 1800 சுற்று வர வேண்டிய எஞ்சின் 1650-க்கு மேல் ஏற மறுத்தது. கரும்புகை கக்கிற்று. ‘டீசல் பம்பின் திருகைச் சற்றே திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று இங்குள்ள மெக்கானிக் சொல்கிறார். தாளில் 211 என்று இருக்கிறது. ஆனால் கடலில் அது வரவில்லை. நீதான் புனேயில் இருக்கிறாயே! யாரையாவது கேட்டுச் சொல். திருகைத் திறக்கலாமா, கூடாதா?’ என்று நண்பர் எழுதியிருந்தார். தாளின் படியையும் இணைத்திருந்தார்.

கட்கியில் எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். எஞ்சின் சோதனைக் கூடங்களில் நாற்பதாண்டுக் காலம் நின்று, காது சற்று மந்தமாகி, ஓய்வு பெற்றவர். தாளை எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார். தலைப்பிலிருந்த பெரிய எண்ணை அவர் பார்க்கவே இல்லை. அடியில் சிறிய எழுத்துகளில் இருந்த கட்டங்களை விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு, ‘தம்பி, மேலே இருப்பது விற்கிறவருக்கு, கீழே இருப்பதுதான் ஓட்டுகிறவருக்கு’ என்றார். அன்று மாலை அவர் எனக்குக் கற்பித்ததையே இன்று தங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். ஆங்கிலத்தில் டைனமோமீட்டர் என்று வழங்குவதைப் பட்டறைத் தொழிலாளர் டைனோ என்று சுருக்கி அழைப்பர். திறன்மானி என்று நாம் சொல்லலாம். இக்கருவி கப்பலின் தேவையிலிருந்தே வளர்ந்தது என்பது அறியத்தக்கது. பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய எஞ்சின்களை அளப்பதற்காக வில்லியம் ஃபுரூட் என்னும் பொறியாளர் 1877-இல் நீர்த் தடையைக் கொண்டு இயங்கும் திறன்மானியை வகுத்தார். எஞ்சினின் அச்சு ஓர் உறைக்குள் நீரைக் கலக்கிச் சுழலும். நீர் அந்தச் சுழற்சியை எதிர்க்கும். அந்த எதிர்ப்பினால் உறையும் சுழல முயலும். உறையிலிருந்து நீண்ட ஒரு கையைத் தராசு போன்ற அளவி தடுத்து நிறுத்தி, எவ்வளவு விசையோடு அது தள்ளுகிறது என்று காட்டும். நீருக்குப் பதிலாக மின்காந்தத்தைக் கொண்டு தடுக்கும் திறன்மானிகளும் பின்னர் வந்தன. ஆயினும் தத்துவம் ஒன்றே.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். திறன்மானி திறனை நேராக அளப்பதில்லை. கையின் முனையில் விழும் விசையையும், அச்சின் சுழற்சி வேகத்தையுமே அது அளக்கிறது. விசையைக் கையின் நீளத்தாற் பெருக்கினால் முறுக்குவிசை கிடைக்கும். முறுக்குவிசையை வேகத்தாற் பெருக்கி, 9549 என்னும் எண்ணால் வகுத்தால் திறன் கிலோவாட்டில் வரும். நண்பரின் தாளில், 1800 சுற்றில் முறுக்குவிசை 780 நியூட்டன் மீட்டர் என்று இருந்தது. 780-ஐ 1800-ஆற் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் 147 கிலோவாட். இதுவே அந்த எஞ்சின் அன்று, அந்த அறையில், உண்மையாகவே கொடுத்த திறன்.

‘147 கிலோவாட் என்பது எத்தனை குதிரை?’ என்று முதியவர் என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ‘எந்த நாட்டுக் குதிரை என்று நீ என்னைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்’ என்று சிரித்தார். பிரிட்டிஷ் குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட். ஐரோப்பாக் கண்டத்தில் வழங்கிய மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட். ஆகவே அதே 147 கிலோவாட் ஒரு கணக்கில் 197, மற்றொரு கணக்கில் 200. இரண்டும் பொய் அல்ல. எந்த அலகு என்று கூறாமல் எண்ணை மட்டும் கூறுவதிலேதான் குழப்பம் புகுகிறது.

அப்படியானால், 200 எவ்வாறு 211 ஆயிற்று? இங்கேதான் புனேயின் உயரம் கணக்கிற்குள் நுழைகிறது. எஞ்சின் மூச்சு விடும் பிராணி. காற்று மெலிந்தால் அதன் வலிமையும் மெலியக்கூடும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் பாதரசக் கணக்கில் 760 மில்லிமீட்டர். புனேயிலோ ஏறத்தாழ 711 மில்லிமீட்டரே. ஓர் ஊரில் சோதித்த எஞ்சினை மற்றோர் ஊரில் சோதித்ததோடு ஒப்பிட வேண்டுமானால், இரண்டையும் ஒரு பொதுவான காற்றுநிலைக்கு மாற்றிக் கூற வேண்டும். அதற்கென்று உலகத் தரங்கள் உள்ளன. ஐ.எஸ்.ஓ. 3046 என்னும் தரம் 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் 25 பாகை வெப்பத்தையும் அளவுகோலாகக் கொள்கிறது. 100 கிலோபாஸ்கல் என்பது பாதரசத்தில் 750 மில்லிமீட்டர். 750-ஐ 711-ஆல் வகுத்தால் 1.055. பட்டறைக்காரர் 200-ஐ இந்த எண்ணாற் பெருக்கி 211 என்று எழுதிவிட்டார்.

இதைக் கேட்டதும் எனக்கு என் தொழில் நினைவுக்கு வந்தது. அளந்த எண் மூலம். திருத்திய எண் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு வேண்டாதது என்று நான் கூறினால் என் சோற்றிலேயே மண் விழும். ஆனால், எந்த மொழியிலிருந்து, எந்த விதிப்படி, யார் மாற்றினார் என்று தெரியாத மொழிபெயர்ப்பை மூலம் என்று நம்பிக் கையொப்பம் இடுவோமா? ஒரு சோதனைத் தாளைப் பார்த்தால், ‘அளந்த எண் எது? திருத்திய எண் எது? எந்த விதியாற் பெருக்கினீர்?’ என்று முதலிற் கேட்பதே முறை.

இந்தத் தாளில் விதியே பொருந்தவில்லை என்பது முதியவரின் கூற்று. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றுக்கு ஏற்பத் திறன் தரும். ஆதலால் காற்றழுத்தத்தின் விகிதத்தை ஏறத்தாழ அப்படியே அதற்குப் பயன்படுத்தலாம். டீசல் எஞ்சினில், பம்பு செலுத்தும் எண்ணெயின் அளவே திறனைப் பெரிதும் முடிவு செய்கிறது. மேலும் டர்போ என்னும் காற்றழுத்தி, வெளியே காற்று மெலிந்திருந்தாலும் விரைந்து சுழன்று குறையிற் பெரும்பகுதியை நிறைவு செய்துகொள்கிறது. எனவே டர்போ டீசலுக்குத் திருத்தம் சிறிதாகவே இருக்க வேண்டும். முழு விகிதத்தையும் அதற்குக் கொடுப்பது, நிழலின் நீளத்தைப் பார்த்து ஆளின் உயரத்தைச் சொல்வது போன்றது.

இன்னொன்றும் அவர் கூறினார். அது என்னை வியப்பில் ஆழ்த்தியது. ‘கடல்மட்டத்திற் காற்று அடர்த்தி என்கிறார்களே, உன் நண்பரின் எஞ்சின் எந்தக் காற்றை இழுக்கிறது? கடற்காற்றையா? தளத்திற்கு அடியில், எஞ்சின் அறையில் அடைபட்ட காற்றையல்லவா? அது 45 பாகைக்குக் குறையாது.’ உடனே காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினார். அழுத்தத்தால் நாகப்பட்டினத்திற்குக் கிடைக்கும் ஆதாயம் நூற்றுக்கு ஏறத்தாழ 7. ஆனால் 25 பாகையிலிருந்து 45 பாகைக்கு வெப்பம் உயர்வதால் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 6-க்கு மேல் குறைகிறது. ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. 25 பாகையில் வைத்த புனேச் சோதனை அறையின் காற்றும், நாகப்பட்டினத்துப் படகின் எஞ்சின் அறைக் காற்றும் அடர்த்தியில் ஏறத்தாழ ஒன்றே! ஆதலால் அந்தப் படகுக்கு, தலைப்பில் இருந்த 211-ஐக் காட்டிலும், அடியில் இருந்த 200-தான் உண்மைக்கு நெருங்கியது.

தாளைப் படிக்குமுன் சோதனை நடந்த முறையையும் கேட்டறிய வேண்டும். எஞ்சினை ஒரே வேகத்தில் நிறுத்தி, எண்ணெயும் நீரும் சூடேறி நிலைபெற்ற பின், சில நிமிடங்கள் தொடர்ந்து பார்த்துக் குறித்த எண்ணா? அல்லது, கீழிருந்து மேலே ஒரே மூச்சில் விரட்டி, வழியிற் பதிந்த எண்ணா? விரட்டும்போது எஞ்சினின் வலிமையில் ஒரு பங்கு அதன் சக்கரத்தையே முடுக்கச் செலவாகிறது. டர்போவும் பின்தங்கி வருகிறது. சூடேறாத எஞ்சின் சிறிது நேரம் காட்டும் திறன், மணிக்கணக்கில் ஓடும் எஞ்சினின் திறன் ஆகாது. அளவியையே சோதித்தார்களா என்பதும் முக்கியம். 1 மீட்டர் நீளமுள்ள கையில் 50 கிலோ எடையைத் தொங்கவிட்டால், அளவி 490 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பின்வரும் எண்கள் அனைத்தும் பிழை. கடைசியாக, திறன்மானி அளப்பது எஞ்சினின் சக்கரத்தில் உள்ள திறனை. கியர்ப் பெட்டியும் தண்டின் தாங்கிகளும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு எஞ்சியதே நீருக்குள் சென்று சேரும்.

திறனுக்கு அடுத்த கட்டங்களைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. அவற்றிலேயே எஞ்சினின் ஆயுள் எழுதப்பட்டிருக்கிறது என்று முதியவர் கூறினார். ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை கிராம் டீசல் எரிந்தது என்று ஒரு கட்டம். டர்போவின் காற்றழுத்தம் எவ்வளவு என்று மற்றொன்று. எண்ணெய் அழுத்தம் ஒன்று. எல்லாவற்றிலும் மேலாக, வெளியேறும் புகையின் வெப்பம். திறனைக் கூட்டுவதற்காகப் பம்பைத் திறந்தால் எரிபொருள் மிகும்; காற்று அதற்கு ஈடாக மிகாவிட்டால் எரிதல் நிறைவுறாது. கரும்புகை அதன் முதல் அடையாளம். புகைவெப்பம் உயர்வது இரண்டாவது. பிஸ்டன் உருகுவதும் வால்வு எரிவதும் மூன்றாவது. முதல் இரண்டையும் திறன்மானிக் கூடத்திலேயே கண்டுகொள்ளலாம். மூன்றாவதைக் கரையிலிருந்து நெடுந்தொலைவில், நடுக்கடலிற் காண நேரிடும்.

ஆறு சிலிண்டர்களின் புகைவெப்பத்தையும் தனித்தனியே அளந்திருந்தால் இன்னும் நன்று. ஐந்து ஒன்றுபோல் இருந்து ஒன்று மட்டும் விலகி நின்றால், அந்த ஒன்றின் எண்ணெய்த் தெளிப்பானையோ வால்வையோ ஐயுற வேண்டும். மொத்தத் திறன் என்னும் ஒற்றை எண், நோயுற்ற ஒரு சிலிண்டரை மற்ற ஐந்தின் பின்னே மறைத்துவிடும். கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் படும் துன்பம் வெளியாருக்குத் தெரியாமற் போவது போல.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். எஞ்சின் ஏன் 1650-க்கு மேல் ஏறவில்லை? முதியவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே: ‘பழைய எஞ்சின் எத்தனை சுற்று? கியரையும் விசிறியையும் மாற்றினார்களா?’ நண்பரிடம் தொலைபேசியில் விசாரித்தேன். பழைய எஞ்சின் 1500 சுற்று, 145 குதிரைத்திறன். கியர் அதேதான், நீருக்குள் சுழலும் விசிறியும் அதேதான். செலவு மிச்சம் என்று எண்ணி அவற்றை மாற்றவில்லை.

‘விளங்கிவிட்டது’ என்றார் முதியவர்.

நீருக்குள் சுழலும் விசிறிக்கு ஒரு விதி உண்டு. அது கேட்கும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை இருமடங்காக்கினால் திறன் எட்டு மடங்கு வேண்டும். முழு வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கில் ஓடினால், முழுத் திறனில் நூற்றுக்கு 73 பங்கே போதும். இந்த விதியைக் கொண்டு நண்பரின் தாளைப் படித்தோம். 1650 சுற்றில் அந்த எஞ்சினின் முறுக்குவிசை 830 நியூட்டன் மீட்டர். அதாவது ஏறத்தாழ 143 கிலோவாட். அவ்வேகத்தில் எஞ்சின் தரக்கூடிய திறன் முழுவதையும் விசிறி விழுங்கிவிடுகிறது. அதனாலேயே மேலே ஏற முடியவில்லை. அதே விசிறி 1800 சுற்றுச் சுழல வேண்டுமானால் எவ்வளவு கேட்கும்? 1800-ஐ 1650-ஆல் வகுத்து, மும்மடியாக்கினால் 1.3-க்குச் சற்றுக் குறைவு. 143-ஐ அதனாற் பெருக்கினால் 186 கிலோவாட். எஞ்சின் தருவதோ 147. நூற்றுக்கு 26 பங்குக்கு மேல் குறை!

இந்த எண்களைக் கண்டதும் வழக்கு முடிந்துவிட்டது. தாளின் தலைப்பில் இருந்த 211 உண்மையாகவே இருந்திருந்தாலும், நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு கூடியிருக்கும். அது 26-ஐ நிரப்பாது. பம்பின் திருகு அந்த 26-ஐ நிரப்பும். ஆனால் எஞ்சினை எரித்துவிட்டு நிரப்பும். பொருத்தமான விசிறியாக இருந்தால் 1650 சுற்றில் 113 கிலோவாட்டே கேட்டிருக்கும். இந்த விசிறியோ 143 கேட்கிறது. 1500 சுற்றுக் குதிரைக்குத் தைத்த சேணத்தை 1800 சுற்றுக் குதிரைக்குப் பூட்டியதே பிழை. எஞ்சினில் குறை இல்லை.

சாலையில் ஓடும் வண்டிக்கும் கடலில் ஓடும் படகுக்கும் உள்ள வேற்றுமையை முதியவர் ஒரு வாக்கியத்திற் கூறினார்: ‘கடலில் இறக்கம் கிடையாது, தம்பி.’ லாரிக்கு ஏற்றம் உண்டு, இறக்கம் உண்டு, சிக்னலில் நிற்பது உண்டு. எஞ்சினுக்கு இளைப்பாற நேரம் கிடைக்கும். படகு எஞ்சினுக்கு அந்த ஓய்வு இல்லை. துறைமுகத்தை விட்டால் மணிக்கணக்கில் ஒரே சுமை. ஆதலால், ஒரே வகை எஞ்சினைக் கடலுக்குத் தொடர்ந்து ஓடும் பணிக்கு அனுப்பும்போது, தயாரிப்பாளர் அதன் திறனைக் குறைத்தே மதிப்பிடுவது வழக்கம். மேற்சொன்ன ஐ.எஸ்.ஓ. தரமும் தொடர்திறன் என்றும் மிகைத்திறன் என்றும் பிரித்துக் கூறுகிறது. நூற்றுக்கு 10 பங்கு மிகையை 12 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் மட்டுமே தாங்கலாம் என்பது அதன் வழக்கு. தாளில் உள்ள எண் ஒரு மணி நேரத்து எண்ணா, ஒரு நாள் முழுதும் தாங்கும் எண்ணா என்று கேளாமல் கடலுக்குச் செல்வது, கையிலுள்ள பணம் சம்பளமா கடனா என்று அறியாமல் செலவிடுவதற்கு ஒப்பாகும்.

அன்றிரவே நண்பருக்கு எழுதினேன்: ‘திருகைத் தொடாதே. விசிறியின் சாய்வைக் குறைத்து வார்க்கச் சொல், அல்லது கியரை மாற்று.’ அவருக்கு அது உவப்பாக இல்லை. எஞ்சினுக்குக் கொட்டிய பணத்திற்கு மேல் விசிறிக்கும் செலவா என்று இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பட்டறைக்குச் சென்றார். சாய்வு குறைந்த புதிய விசிறியைப் பொருத்திக் கடலுக்குச் சென்றபோது, எஞ்சின் 1790 சுற்றைத் தொட்டது. கரும்புகை நின்றது. புகைவெப்பம் இறங்கிற்று.

ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. படகின் உச்ச வேகம் முன்னைக் காட்டிலும் மிகச் சிறிதே கூடிற்று. 143 கிலோவாட்டிலிருந்து 147-க்குச் சென்றதனால் வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது. அத்தகைய படகின் வேகத்திற்கும் மும்மடிக் கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு திறனைக் கூட்டினாலும், வேகம் நூற்றுக்கு இரண்டு பங்கு கூட ஏறாது. நண்பர் விலைபேசி வாங்கிய அந்தப் பதினோரு குதிரைகள் மெய்யாகவே இருந்திருந்தாலும், பக்கத்துப் படகை அவர் முந்தியிருக்க முடியாது. இதை அவருக்கு விளக்கியபோது, ‘அப்படியானால் அந்தப் பதினோரு குதிரைக்கு நான் கொடுத்த பணம்?’ என்று கேட்டார். எனக்கு விடை கூறத் தெரியவில்லை. தாளைக் கையில் வாங்கிய அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

நேயர்களே, இது ஒரு சிறு படகின் கதை. ஆனால் இதே கணக்கு பெரிய கப்பல்களுக்கும் உரியது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள், 6 மெகாவாட் திறனுடைய கடல் டீசல் எஞ்சின் ஒன்றை உள்நாட்டிலேயே வடிவமைத்து முன்மாதிரியை உருவாக்குவதற்காக, பாதுகாப்பு அமைச்சகம் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்திற்கு ஒப்புதல் ஆணை வழங்கியது. அதன் மதிப்பு 270 கோடி ரூபாய். நூற்றுக்கு 70 பங்கை அரசு ஏற்கிறது. கடற்படைக்கும் கடலோரக் காவற்படைக்கும் பயன்பட வேண்டிய எஞ்சின் அது. 6 மெகாவாட் என்பது ஏறத்தாழ 8,000 குதிரைத்திறன். அத்தகைய எஞ்சினில் நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு என்றால் 330 கிலோவாட். என் நண்பரின் எஞ்சின்கள் இரண்டைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. திருத்தக் கணக்கில் நிகழும் ஒரு சிறு கவனக்குறைவு அங்கே இத்தனை பெரிதாகும். ஆகவே, சோதனைக் கூடத்தில் நிற்பவரின் நேர்மையும் பொறுமையும், எஞ்சினை வரைந்தவரின் அறிவுக்கு எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

தமிழகத்தை விட்டு வந்து, புனேயிலும் பிற நகரங்களிலும் பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் நம்மவர் பலர் இந்த உரையைக் கேட்கக்கூடும். சொந்த ஊரில் படகோ பம்புசெட்டோ வைத்திருக்கும் உறவினர், ‘நீ அங்கே இருக்கிறாயே, விசாரித்துச் சொல்’ என்று தங்களையும் கேட்கக்கூடும். அப்போது ஐந்து கேள்விகளை நினைவிற் கொள்ளுங்கள். அளந்த எண் எது, திருத்திய எண் எது? எந்த அலகு, எந்த விதி? எஞ்சினை நிலைநிறுத்தி அளந்தார்களா, விரட்டி அளந்தார்களா? அந்தத் திறனில் புகைவெப்பமும் டீசல் செலவும் எவ்வளவு? இறுதியாக, அந்த எஞ்சின் சுழற்றப் போகும் விசிறி அதற்கேற்றதுதானா? இந்த ஐந்துக்கும் விடை கிடைத்த பிறகு தலைப்பிலுள்ள பெரிய எண்ணைப் பார்த்தால், அது தங்களை ஏமாற்றாது.

சென்ற மாதம் முதியவரைக் காணச் சென்றிருந்தேன். நண்பரின் படகு நலமா என்று விசாரித்தார். நலம் என்றேன். ‘எத்தனை குதிரை என்று இப்போது சொல்கிறார்?’ என்று கேட்டார். ‘இருநூறு என்கிறார்’ என்றேன். ‘எந்த நாட்டுக் குதிரை?’ என்றார். ‘மெட்ரிக் குதிரை, ஐயா, புனேயில் அளந்தது, திருத்தாதது’ என்றேன். முதியவர் தலையசைத்தார்.